வாப்பாவின் இடுப்பும் இரும்புச் சீட்டும்

எங்கள் வாப்பா இருபத்திரண்டு வருடம் உழவு மெசின் ஓட்டினார். இரும்புச் சீட்டுக்கு மேல் மடித்துப்போட்ட உரச் சாக்கு, அதுதான் மெத்தை. நாற்பத்தைந்து வயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் பாயை விட்டு எழும்புவார். டொக்டர் "வயசு" என்றார். ஊரில் "வாயு" என்றார்கள். சீட்டை ஒருவரும் சொல்லவில்லை.

ஆனால் சீட்டைப் பற்றி உலகத்தில் வேறு இடங்களில் நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகப் பேசியிருக்கிறார்கள். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1862இல் லண்டனின் 'லான்செட்' மருத்துவ இதழ், ரயில் பயணம் உடம்பை என்ன செய்கிறது என்று ஒரு தொடர் அறிக்கை போட்டது. ரயிலின் குலுக்கம் சிறியது, வேகமானது, ஓயாதது. அதற்கு ஈடுகொடுக்க உடம்பின் தசைகள் இறுகித் தளர்ந்துகொண்டே இருக்கின்றன. அதனால்தான் சும்மா உட்கார்ந்து வந்தவரும் களைத்துப் போகிறார் என்று அந்தக் காலத்திலேயே எழுதினார்கள். கொழும்பு நைட் பஸ்ஸில் பின் சீட்டில் வந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

நான்கு வருடம் கழித்து எரிக்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு புத்தகம் எழுதினார். ரயில் விபத்தில் சிக்கி, வெளிக்காயம் இல்லாமல், பிறகு முதுகுவலியோடும் நடுக்கத்தோடும் வாழ்ந்தவர்களைப் பற்றியது. அவர்கள் நட்டஈடு கேட்டு நீதிமன்றம் போனார்கள். 1883இல் ரயில் கம்பனி ஒன்றின் டொக்டரான பேஜ் என்பவர், முதுகெலும்பில் ஒன்றுமில்லை, எல்லாம் பயத்தின் விளைவு என்று மறுத்து எழுதினார். காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் வலிக்கும் சாட்சி கேட்கிறார்கள்!

பரிஸில் கதை தலைகீழ். நடுக்குவாத நோயாளிகள் நீண்ட ரயில், குதிரைவண்டிப் பயணத்துக்குப் பிறகு தங்களுக்குச் சுகமாக இருப்பதாகச் சொன்னார்கள். அதைக் கேட்ட புகழ்பெற்ற டொக்டர் ஷார்கோ, 1892 அளவில் அதிரும் நாற்காலி ஒன்றையே செய்வித்து அவர்களை அதில் உட்காரவைத்தார். 2012இல் அமெரிக்காவில் அதே யோசனையைச் சோதித்துப் பார்த்தார்கள். அதிர்ந்த நாற்காலியில் இருந்தவர்களும் அதிராத நாற்காலியில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறினார்கள். அக்கறையாக யாராவது உட்காரவைத்தாலே பாதிச் சுகம் போல!

இடையில் ஒன்று. 1888இல் காற்றடைத்த டயருக்கு உரிமம் எடுத்த டன்லப் ஒரு மிருக வைத்தியர். தன் மகனின் மூன்றுசில்லுச் சைக்கிள் கல்வீதியில் குலுங்குவதைப் பார்த்துச் செய்தது அது. அந்த டயரின் பசிதான் பிறகு நம் நாட்டில் ரப்பர் தோட்டங்களைப் பெருக்கியது. கம்பஹா ஹெனரத்கொடவுக்கு 1876இல் வந்த கன்றுகள் அதற்கு முன்பே தயாராக நின்றன.

மெசினுக்கு வருவோம். 1960இல் ஜேர்மன் மொழி பேசும் ஆய்வாளர்களான ரோசெகர் இருவர், ட்ரக்டர் சாரதிகளின் முதுகெலும்புத் தேய்வைப் பற்றி எழுதினார்கள். காரணத்தை நம் விஞ்ஞானப் பாடத்தில் 'பரிவு' என்று படிக்கிறோம். ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால் உயர உயரப் போகுமே, அதுதான். உட்கார்ந்திருக்கும் மனிதனின் முண்டத்துக்கும் ஒரு தாளம் உண்டு. செக்கனுக்கு ஏறக்குறைய 4 முதல் 6 தடவை. சீட் அந்தத் தாளத்தில் மேலும் கீழும் ஆடினால், சீட்டை விட முதுகு அதிகமாக ஆடும். நின்றால் முழங்கால் மடிந்து பாதியை வாங்கிக்கொள்ளும். உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து நேரே முள்ளந்தண்டுக்கு ஏறும். வரப்பு ஏறும்போது வாப்பா சீட்டை விட்டு எழும்பி நிற்பது ஏனென்று எனக்கு இப்போதுதான் விளங்கியது. அவர் எந்தப் புத்தகமும் படித்ததில்லை.

1974இல் இதை அளப்பதற்கான சர்வதேச நியமம் வந்தது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டது. 8 மணித்தியால வேலைநாளுக்கு அதிர்வின் ஆர்முடுகல் 0.5ஐத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்கவேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது. அலகு, செக்கன் வர்க்கத்துக்கு மீற்றர்.

உங்கள் வீட்டிலும் மெசினோ லொறியோ பஸ்ஸோ ஓட்டிய வாப்பா, மாமா, காக்கா இருப்பார்கள். அடுத்த முறை இடுப்புவலிக்கு டொக்டரிடம் கூட்டிப்போகும்போது வயதை மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம், எப்படிப்பட்ட சீட்டில் இருந்தார் என்பதையும் சொல்லுங்கள். நாங்கள் வாப்பாவுக்கு அதைச் சொல்லவில்லை.