மலையைக் குடையுமுன்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு மலையைக் குடைவது புதிய செய்தியன்று. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை நிறைவுற்றபோது, மேற்கே ஓடிய நீர் மலையைத் துளைத்த சுரங்கவழியே கிழக்கே திரும்பி நம் வயல்களை நனைத்தது. அணையைக் கட்டிய பென்னி குயிக்கின் பெயரை நம் மக்கள் தம் பிள்ளைகளுக்கு இட்டு மகிழ்ந்தனர். புதுமைக்கு அஞ்சி ஒதுங்கியவர் அல்லர் நம்மவர்.

அவ்வாறிருக்க, அதே மலைத்தொடரில் மற்றொரு சுரங்கம் தடைபட்டது ஏன்?

நியூட்ரினோ எனும் நுண்துகளை ஆராய, பொட்டிப்புரத்தில் ஏறத்தாழ 2 கி.மீ. நீளச் சுரங்கம் அமைத்து, 50,000 டன் எடையுள்ள இரும்புக் கருவியை நிறுவத் திட்டமிட்டனர். பிற துகள்களைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். எனவேதான் மலை தேவைப்பட்டது. 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் இத்துகளின் தடயத்தைக் கண்ட பெருமை நம் நாட்டு அறிவியலாருக்கு உண்டு. அம்மரபைத் தொடரும் நோக்கம் உயர்ந்ததே.

2011-இல் நடுவண் அரசு சுற்றுச்சூழல் இசைவு தந்தது. ஆனால் 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதனை நிறுத்திவைத்தது. சுற்றுச்சூழல் ஆய்வை நடத்திய நிறுவனம் அதற்குரிய அங்கீகாரம் பெற்றிருக்கவில்லை. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கி.மீ.க்குள் இருந்தும், திட்டம் கடுமையான பரிசீலனைக்குரிய வகையில் வைக்கப்படவில்லை. 2018-இல் இசைவு மீண்டும் கிடைத்தது. எனினும் வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டுமெனத் தீர்ப்பாயம் விதித்தது. 2022-இல் தமிழக அரசு, புலிகளின் வழித்தடத்தையும் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் சுட்டி, உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது.

இவ்வரலாற்றில் நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. நியூட்ரினோ தீங்கற்றது என்று அறிஞர் கூறியது மெய்யே. ஆனால் உழவரின் கேள்வி துகளைப் பற்றியது மட்டுமன்று. வெடி வைத்தால் ஊற்று வற்றுமோ, பாறை அதிருமோ, அணைகளுக்கு ஊறு நேருமோ என்பதே அவர்தம் கவலை. உரிய தகுதியுடையோர் முறைப்படி எடுத்து, மக்கள் முன் வைக்கும் அளவீடுகளே அதற்கு விடையாகும். அவ்விடை தொடக்கத்திலேயே கிடைத்திருந்தால், திட்டம் ஏற்கப்பட்டிருக்கலாம். அல்லது வேறிடம் தேடியிருக்கலாம். எதுவாயினும் இத்தனை ஆண்டுகள் வீணாகியிரா.

விதிமுறை அறிவியலுக்குப் பகையன்று; அளந்து பார்த்தபின் நம்பு என்பதே அறிவியலும் கற்பிக்கும் பாடம். முதற் சுரங்கம் தந்த வாழ்வைக் காக்கவே, இரண்டாம் சுரங்கத்துக்கு நாம் கணக்குக் கேட்கிறோம்.