வாலாஜாப்பேட்டைச் சுவடிகள்

ஆரணி என்றால் பட்டு நினைவுக்கு வரும். அவ்வட்டாரத்துப் பட்டு நெசவுக் குடிகளோடு பிணைந்த இசை வரலாறு ஒன்றும் உண்டு. ஆரணிக்கு வடக்கே, ஆர்க்காட்டைக் கடந்தால் வாலாஜாப்பேட்டை. 1795இல் மறைந்த ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் அது. திருவையாற்றுத் தியாகராஜரின் (1767–1847) பாடல்களைக் காத்த ஏடுகள் அவ்வூரின் பெயராலேயே வழங்குகின்றன.

அவற்றைப் பேணியவர் வேங்கடரமண பாகவதர். பட்டுநூல்காரர் எனப்படும் சௌராஷ்டிர சமூகத்தில் 1781இல் பிறந்தவர். அய்யம்பேட்டையில் வாழ்ந்த காலத்தில் திருவையாற்றுக்குச் சென்று தியாகராஜரிடம் பயின்றார்; பின்னர் வாலாஜாப்பேட்டையில் குடியேறினார். தாமும் பாடல்கள் இயற்றிய அவர், குருவின் கீர்த்தனைகளை எழுதி வைப்பதைத் தம் கடமையாகக் கொண்டார். மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் அப்பணியில் துணை நின்றார். குருவின் வாழ்க்கை வரலாற்றையும் அவர்கள் எழுதி வைத்தனர். 1874இல் தந்தை மறைந்தார். ஓலையிலும் தாளிலுமாக இருந்த அக்குடும்பச் சேமிப்பு பிற்காலத்தில் மதுரைச் சௌராஷ்டிர சபையைச் சேர்ந்தது.

இந்த ஏடுகளுக்கு ஏன் இத்தனை மதிப்பு? தியாகராஜர் பாடினார், மாணவர் செவிவழி கற்றனர். வாலாஜாப்பேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என மாணவர் பரம்பரைகள் பிரிந்தன. ஒரே பாடல் இடத்துக்கு இடம் சொல்லாலும் மெட்டாலும் சிறிது வேறுபட்டது. எது பழைய பாடம் என்னும் ஐயம் எழும்போது, வாய்மொழிக்கு அருகே எழுத்தும் சாட்சியாக நிற்க வேண்டும். குருவின் காலத்தவரே எழுதிய சாட்சி என்பதால் அறிஞர்கள் இவற்றை நாடினர். மாணவர் ஒருவரும் அவர் மகனும் காட்டிய பொறுமையே அந்தச் சாட்சியை நமக்கு அளித்தது.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? நம் இல்லங்களிலும் பாட்டனாரின் பெட்டிகள் உண்டு. அரபுத் தமிழில் எழுதிய கிதாபுகள், முனாஜாத்துகள், கிஸ்ஸாக்கள், உறவினருக்கு வரைந்த கடிதங்கள் அவற்றில் உறங்குகின்றன. வீடு கைமாறும் நாளில் அவை எடைக்குப் போகின்றன; எஞ்சியவற்றைக் கரையான் அரிக்கிறது. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர்களும் குறைந்து வருகின்றனர்.

ஆகவே, பெட்டியைத் திறப்போம். எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தனித் தாளில் குறித்து உடன் வைப்போம். படிக்கத் தெரிந்த பெரியவரிடம் இன்றே கேட்டு எழுதிக்கொள்வோம். பேண இயலாவிடில் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் போன்ற இடங்களை அணுகுவோம். பட்டுநூல்காரர் குடும்பம் ஒன்றால் இயன்றது நம்மாலும் இயலும்.