வடிதாள் சொன்ன சாட்சி

1947 செப்டம்பரில் அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் ஐசன்ஹோவர் விமானப்படையிடம் புதுப் பொறுப்பொன்றை ஒப்படைத்தார்: உலகில் எங்கே அணுகுண்டு வெடித்தாலும் கண்டுபிடிக்க வேண்டும். சோவியத் நாட்டுக்குள் ஒற்றர் நுழைவது அன்று குதிரைக்கொம்பு. ஆனால் வெடித்த குண்டின் துகள்கள் எந்த எல்லைக் காவலுக்கும் கட்டுப்படாமல் காற்றோடு கிளம்பிவிடும்.

கருவி மிக எளியது. பி-29 குண்டுவீச்சு விமானத்தை வானிலை விமானமாக மாற்றி, ஒரு பெட்டியைப் பொருத்தி, அதற்குள் காற்றிலுள்ள துகள்களைப் பிடிக்கும் வடிதாளைச் செருகினார்கள். விமானம் இறங்கியதும் தாளைக் கதிரியக்கம் அளக்கும் கருவியில் வைப்பார்கள். நிமிடத்துக்கு 50 துடிப்பைத் தாண்டினால் எச்சரிக்கை. அப்படி வந்த 111 எச்சரிக்கைகளும் எரிமலை, நிலநடுக்கம் என்று இயற்கையின் வேலையாகவே முடிந்தன. அத்தனைக்குப் பிறகும் சலிக்காமல் பறந்தார்களே, அந்தப் பொறுமைதான் என்னை வியக்க வைக்கிறது.

1949 செப்டம்பர் 3. ஜப்பானின் மிசாவா தளத்திலிருந்து அலாஸ்காவுக்குப் பறந்த விமானத்தின் தாளில் 85 துடிப்பு. இன்னொரு தாளில் 153. டிரேசர்லேப் நிறுவனத்தின் பெர்க்லி ஆய்வகத்தில் வேதியியலாளர்கள் அந்தத் துகள்களிலிருந்து பேரியம், சீரியம் போன்றவற்றைப் பிரித்தெடுத்தார்கள். கதிரியக்க ஐசோடோப்புகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் சிதைகின்றன. எது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால் வெடித்த நாள் தெரிந்துவிடும். கணக்கு ஆகஸ்ட் 29 என்று வந்தது. செமிபாலடின்ஸ்கில் முதல் சோவியத் குண்டு வெடித்த அதே நாள்.

செப்டம்பர் 20 தேதியிட்ட சி.ஐ.ஏ. மதிப்பீடோ, சோவியத் குண்டு பெரும்பாலும் 1953 நடுவில்தான் வரும் என்றது. மூன்று நாள் கழித்து அதிபர் ட்ரூமன் உண்மையை உலகுக்கு அறிவித்தார். உளவுத்துறை தன் ஊகத்தை இப்படிப் பருப்பொருளோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

வடிதாளின் வழிவந்ததுதான் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் சுவரையும் கருவிகளையும் துடைத்தெடுக்கும் பருத்தித் துணி. ஒரே ஒருமுறை, அதுவும் கிராம் கணக்கில்தான் புளூட்டோனியம் பிரித்தோம் என்று 1992இல் வட கொரியா சொன்னது. அந்நாட்டின் யோங்பியோன் அணு மையத்தில் எடுத்த மாதிரிகளோ பலமுறை பிரித்ததைக் காட்டின. இரண்டு கழிவுக் கிடங்குகளைத் திறந்து காட்டும்படி முகமை கேட்டது. வட கொரியா மறுத்தது. 1993 மார்ச்சில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்தே விலகப்போவதாக அறிவித்தது.