சிப்பாய் மகனும் சிம்மாசனமும்

ராஜாவின் மகன் ராஜா. சரி, முதல் ராஜா யாருடைய மகன்? ஓசூருக்கு அருகே பேரிகைப் பக்கம் வாருங்கள் பிள்ளைகளே, தேடிப் பார்ப்போம்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஏராளமான நடுகற்கள் உண்டு. மாடுதான் செல்வம் என்றிருந்த காலம் அது. மந்தையை ஓட்டிப்போனவர்களோடு மோதி உயிர்விட்டவனுக்கு ஊர் கல் நட்டது. மந்தையை மீட்டு உயிரோடு திரும்பியவன்? அவன் பேச்சுக்கு மதிப்பு கூடியது. காவலுக்காக அவனுக்கு விளைச்சலில் பங்கு கொடுத்தார்கள். அந்தப் பங்கு கட்டாயமானதும் அது வரி; வாங்கியவன் தலைவன்.

சிலருக்குப் பாகப்பிரிவினையில் நாடு வந்தது. 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் சோமேசுவரன் நாட்டை இரு மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்தான். தமிழ்ப் பகுதியைப் பெற்ற ராமநாதன் பிற்காலத்தில் ஓசூருக்கு அருகே குந்தாணியிலிருந்து ஆண்டான். பெனுகொண்டாக் கோட்டையைக் காத்த ஜெகதேவராயருக்கோ விஜயநகர மன்னர் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள பாராமகால் பகுதியையே பரிசாகக் கொடுத்தார். பேரிகை, பாகலூர், சூளகிரிப் பாளையக்காரர்கள் இன்னும் சிறியவர்கள். மேலே இருப்பவருக்குக் கப்பம் கட்டவேண்டும், கூப்பிட்டால் ஆட்களோடு போருக்குப் போகவேண்டும்.

எனக்குப் பிடித்த கதை எல்லைக்கு அந்தப் பக்கம், கோலார் மாவட்டத்துப் பூதிக்கோட்டையில் பிறந்த ஹைதர் அலியுடையது. அப்பா படைவீரர், மகன் சிறுவனாக இருக்கும்போதே போரில் இறந்துவிட்டார். ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஞாபகசக்தி மட்டும் அபாரம். 1749இல் தேவனஹள்ளி முற்றுகையில் அவர் காட்டிய வீரம் மைசூர்த் தளபதியின் கண்ணில் பட்டது. 1755இல் திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தார், அதாவது படை அதிகாரம் கொண்ட ஆளுநர் ஆனார். அங்கே பிரெஞ்சுக்காரர்களை வைத்துப் பீரங்கிப் படையைப் பலப்படுத்தினார். பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சம்பளம் கிடைக்காத சிப்பாய்கள் கலகம் செய்தபோது, பாக்கியைத் தீர்த்துவைத்தவர் அவர்தான். அப்புறம் படை யார் பக்கம் நிற்கும்? 1761இல் மைசூர் அவர் கைக்கு வந்தது.

ஆனாலும் அவர் முடிசூடிக்கொள்ளவில்லை. மைசூரை ஆண்டுவந்த உடையார் வம்சத்து மன்னரை அரண்மனையில் வைத்திருந்தார். தசராவின்போது மக்களுக்குக் காட்டினார். பழைய வம்சத்தின் மீது மக்களுக்கு இருந்த மரியாதை அவருக்குத் தெரியும். அது சாமர்த்தியம்தான், அடக்கம் அல்ல என்பது என் எண்ணம்.

ஹைதரின் மகன் திப்பு தன்னைப் பாதுஷா என்றே அழைத்துக்கொண்டார். 1799இல் அவர் போரில் இறந்ததும், ஆங்கிலேயர் உடையார் வம்சத்துச் சிறுவன் ஒருவனை அரியணையில் அமர்த்தினார்கள். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் என்ற அந்த மன்னருக்கு அன்று ஐந்து வயதுகூட நிரம்பவில்லை.