வேட்டைத் தோட்டாவும் செம்பு உறையும்

தோட்டாவின் முனையைச் செம்பு மூட வேண்டுமா, வேண்டாமா? இந்தியக் காடுகளில் பெரிய மிருகங்களை வேட்டையாடியவர்களுக்கு ஒரு காலத்தில் இது முக்கியமான கேள்வி.

ஈயம் மென்மையானது. புதிய ரைஃபிள்களின் வேகத்தில் அது குழலுக்குள்ளேயே படிந்துவிடும். அதனால் 1880களில் ஈயத்துக்குச் செம்பு, செம்பு-நிக்கல் உறைகள் வந்தன. முழு உறைத் தோட்டா விரியாமல் ஆழமாகத் துளைக்கும். யானையின் மண்டை எலும்புக்கு அதுதான் சரி. புலிக்கும் மானுக்கும் முனையில் ஈயம் தெரிய வேண்டும். அப்போதுதான் பட்டதும் விரிந்து சீக்கிரம் கொல்லும்.

1890களில் கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச்சாலை, விரியும் தோட்டாவை ராணுவத்துக்கே செய்தது. 1899 ஹேக் மாநாடு அதைப் போரில் தடை செய்தது. வேட்டைக்கு அந்தத் தடை இல்லை.

மிருகம் காயத்தோடு தப்பினால்? 1907ல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. பழைய குண்டடியில் அதன் கோரைப்பற்கள் உடைந்திருந்ததாக அவர் எழுதினார். யாரோ சுட்ட குண்டுக்குக் காட்டோர கிராமங்கள் விலை கொடுத்தன.

செத்த மிருகத்தில் தங்கும் ஈயம் அதைத் தின்னும் கழுகுகளையும் கொல்கிறது. அதனால் கலிஃபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டா கூடாது. பலர் முழுச் செம்புக்கு மாறினார்கள். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு புலி வேட்டையே முடிந்தது. திருப்பூர் மாவட்டத்து அமராவதி காடு இன்று ஆனைமலை புலிகள் காப்பகத்தில் இருக்கிறது.