குவின்டின்ஷில் 1915: மறதியும் வழக்கமும்

புகையிரத விபத்தொன்று நிகழ்ந்ததும் ‘மனிதத் தவறு’ எனக் கூறி விசாரணையை முடித்துவிடுதல் எளிது. அத்தவறு எவ்வாறு உருவாயிற்று என்பதே ஆராயத்தக்கது. பிரித்தானியப் புகையிரத வரலாற்றில் மிக அதிக உயிர்களைப் பலிகொண்ட விபத்து இதற்குத் தக்க சான்றாகும்.

ஸ்கொட்லாந்தின் தென் எல்லையில், கிரெட்னாவுக்கு அண்மையிலுள்ள குவின்டின்ஷில்லில் 1915 மே 22 காலை அது நிகழ்ந்தது. அங்குள்ள சமிக்ஞைக் கூடத்தின் பொறுப்பை இரவுப் பணியாளர் மீக்கினிடமிருந்து பகற்பணியாளர் டின்ஸ்லி காலை 6 மணிக்கு ஏற்க வேண்டும். ஆனால் சிறிது பிந்தி வரும் உள்ளூர்ப் புகையிரதத்தில் ஏறி வந்தால் நடக்கும் சிரமம் இல்லை. ஆகவே இருவரும் தமக்குள் ஓர் ஒழுங்கு செய்துகொண்டனர். 6 மணிக்குப் பின் நடப்பவற்றை மீக்கின் துண்டுத்தாளிற் குறித்துவைப்பார். டின்ஸ்லி வந்ததும் அவற்றைத் தம் கையெழுத்திற் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். மேலதிகாரி பார்த்தால், பணிமாற்றம் உரிய நேரத்தில் நடந்ததாகவே தோன்றும்.

அன்று ஒதுக்குப் பாதைகள் இரண்டிலும் சரக்கு வண்டிகள் நின்றன. பிந்தி வந்துகொண்டிருந்த கடுகதிக்கு வழிவிடும்பொருட்டு, டின்ஸ்லி ஏறிவந்த உள்ளூர் வண்டியை மீக்கின் எதிர்த்திசைக்குரிய பிரதான பாதைக்கு மாற்றி நிறுத்தினார். கூடத்திலிருந்து பார்த்தால் அது நன்கு தெரியும். டின்ஸ்லியோ துண்டுத்தாளைப் பார்த்து எழுதுவதில் ஈடுபட்டிருந்தார். கூடத்தில் போர்ச் செய்திகள் பற்றிய பேச்சும் நடந்தது. தாம் வந்திறங்கிய வண்டியையே மறந்து, அதே பாதையில் இராணுவப் புகையிரதமொன்று வர அவர் அனுமதி வழங்கினார். வண்டியை நிறுத்தியவர் ஒருவர்; அனுமதி வழங்கியவர் மற்றொருவர். பொறுப்புக் கைமாறிய இடைவெளியில் அவ்வண்டி இருவர் நினைவிலிருந்தும் நழுவிற்று.

மறதி மனித இயல்பு என்பதனாலேயே விதிகள் வகுக்கப்பட்டிருந்தன. பாதை தடைப்பட்டிருப்பதை அடுத்த கூடத்துக்கு அறிவித்தல் வேண்டும், அறிவிக்கப்படவில்லை. சமிக்ஞை நெம்புகோலில் நினைவூட்டும் வளையத்தை மாட்டுதல் வேண்டும், மாட்டப்படவில்லை. உள்ளூர் வண்டியின் எஞ்சினுக்குக் கரியிடுபவர் விதிப்படி கூடத்துக்கு வந்தார், பதிவேட்டிற் கையொப்பமிட்டார், வளையம் உண்டா எனப் பாராமலே திரும்பினார். 1910இல் ஹோஸ் சந்தியிலும், பாதையில் நின்ற இரு எஞ்சின்களை ஒரு சமிக்ஞையாளர் மறந்தமையால் 12 பேர் இறந்திருந்தனர். வண்டி நிற்பதை மின்னோட்டத்தால் அறிந்து சமிக்ஞையைப் பூட்டிவைக்கும் அமைப்பு அப்போதே பரிந்துரைக்கப்பட்டது. குவின்டின்ஷில்லில் அது இருக்கவில்லை.

6.49க்கு இராணுவப் புகையிரதம் மோதிற்று. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில், சிதைவுகள்மீது கடுகதி பாய்ந்தது. எரிவாயு விளக்குகள் பொருத்திய பழைய மரப்பெட்டிகள் தீப்பற்றின. இறந்தோர் 200க்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் கலிப்போலிப் போர்முனை நோக்கிப் புறப்பட்ட படைவீரர்.

அவ்வாண்டு செப்தெம்பரில் எடின்பரோ நீதிமன்றம் டின்ஸ்லிக்கு 3 ஆண்டுகளும் மீக்கினுக்கு 18 மாதங்களும் சிறைத்தண்டனை விதித்தது; கரியிடுபவர் விடுவிக்கப்பட்டார். அம்மரப்பெட்டிகளைப் படைவீரர்க்கு ஒதுக்கியோர் எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. தண்டிக்கப்பட்ட இருவரும் 1916 டிசெம்பரில் விடுதலையாகி, மீண்டும் புகையிரதக் கம்பனியிலேயே வேலைக்கமர்ந்தனர்.