மீன் கேர்ள்ஸ்: 'பாப்புலர்' பொண்ணு மேல பிரியமா, பயமா? 20 வருஷம் தாண்டியும் பேசப்படும் ஸ்கூல் காமெடி

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 3-ம் தேதி சோஷியல் மீடியா பக்கம் போனால் பிங்க் நிறம் கண்ணைப் பறிக்கும். 'மீன் கேர்ள்ஸ் டே' என்று மீம்ஸ் குவியும். படம் ரிலீஸான நாளா? இல்லை. ஹீரோயின் பிறந்தநாளா? அதுவும் இல்லை. 2004-ல் வந்த அந்த அமெரிக்கப் படத்தில், ஹீரோயினுக்குப் பிடித்த பையன் வகுப்பில் திரும்பி அவளிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்பான். அவள் அக்டோபர் 3 என்று பதில் சொல்வாள். அவ்வளவுதான் காட்சி. அதற்கே வருஷா வருஷம் கொண்டாட்டம்!

பெயரைப் பார்த்து கடலில் நீந்துற மீன் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே 'மீன்' என்பது மனசாட்சி இல்லாமல் அடுத்தவரை நோகடிக்கும் குணத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் வார்த்தை.

என்ன கதை?

கேடி ஹெரான், 16 வயசுப் பொண்ணு. அப்பா, அம்மா ரெண்டு பேரும் விலங்கியல் ஆய்வாளர்கள். 12 வருஷம் ஆப்பிரிக்காவில் வளர்ந்தவள், வீட்டிலேயே படித்தவள். முதல் முறையாக ஒரு பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்கிறாள். இடம், அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் உள்ள எவன்ஸ்டன்.

கேன்டீனில் எந்த மேஜையில் உட்காருவது என்பதே அவளுக்குப் பெரிய பிரச்னை. ஒவ்வொரு மேஜையும் ஒரு கூட்டத்துக்குச் சொந்தம். எல்லாவற்றுக்கும் உச்சியில் 'பிளாஸ்டிக்ஸ்' என்ற மூவர் அணி. அதன் ராணி ரெஜினா ஜார்ஜ். கூடவே க்ரெட்சன், கேரன். புதன்கிழமை பிங்க் போட வேண்டும், தலைமுடியை இத்தனை நாள்தான் தூக்கிக் கட்டலாம் என்று அந்த மேஜைக்குத் தனிச் சட்டமே உண்டு.

ரெஜினாவால் ஏற்கெனவே காயப்பட்ட ஜானிஸ் என்ற பொண்ணு, கேடியிடம் ஒரு திட்டம் சொல்கிறாள். உள்ளே போ, நண்பி மாதிரி நடி, ரெஜினாவைக் கவிழ்த்துவிடு. கேடி போகிறாள். நடிக்கிறாள். நடிப்பு எப்போது நிஜமானது என்று அவளுக்கே தெரியவில்லை. கணக்கில் புலியாக இருந்தவள், ஒரு பையன் தனக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே தப்பாகப் போட ஆரம்பிக்கிறாள். ரெஜினாவின் நாற்காலி காலியானதும் அதில் உட்காருவது கேடியேதான்.

பிடிக்குமா, பயமா?

படத்தின் ஆரம்பத்தில் மாணவர்கள் ஒவ்வொருவராக ரெஜினாவைப் பற்றிச் சொல்வார்கள். அதில் ஒரு பொண்ணு, ரெஜினா தன் முகத்தில் குத்தியதையே பெருமையாகச் சொல்வாள். சிரித்துவிட்டுக் கடந்துவிடுவோம். ஆனால் படத்தின் மொத்த விஷயமும் அங்கேதான் இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளின் நட்பு வட்டத்தை ஆராயும் உளவியலாளர்கள் 'பாப்புலர்' என்ற வார்த்தையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். வகுப்பில் உனக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் ஒரு பட்டியல் வரும். இங்கே யார் பாப்புலர் என்று கேட்டால் வேறொரு பட்டியல் வரும். இரண்டும் முழுசாக ஒத்துப்போவதில்லை. ரெஜினா இரண்டாவது பட்டியலில் முதலிடம். முதல் பட்டியலில் அவளுடைய சொந்த நண்பிகள்கூட அவள் பெயரை எழுதுவார்களா என்பது சந்தேகம்தான்.

அந்த அதிகாரம் எப்படிப்பட்டது என்று காட்ட படத்தில் ஒரு சூப்பர் காட்சி உண்டு. ரெஜினாவை அசிங்கப்படுத்த, அவளுடைய பனியனில் நெஞ்சுப் பகுதியில் இரண்டு வட்ட ஓட்டைகளை வெட்டிவிடுகிறாள் ஜானிஸ். ரெஜினா அதைப் பார்க்கிறாள், தோளைக் குலுக்குகிறாள், அப்படியே போட்டுக்கொண்டு நடக்கிறாள். அப்புறம் பார்த்தால் மற்ற பொண்ணுங்களும் ஓட்டை போட்ட பனியனில் வருகிறார்கள்! பின்னால் இதே ரெஜினா உடல் எடை கூடி, வேறு எதுவும் பொருந்தாமல் ட்ராக் பேன்ட்டில் வரும்போது, அவள் போட்ட சட்டத்தை வைத்தே மேஜையிலிருந்து விரட்டப்படுகிறாள். சட்டம் போட்டவளுக்கே விலக்கு கிடையாது.

கதையே இல்லாத புத்தகம்

இந்தப் படம் ஒரு நாவலிலிருந்து வரவில்லை. 2002-ல் ரோசலிண்ட் வைஸ்மன் எழுதிய 'குயின் பீஸ் அண்ட் வானபீஸ்' என்பது பெற்றோருக்கான வழிகாட்டி நூல். டீன் ஏஜ் பொண்ணுங்க குழுவுக்குள் யார் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று அதில் வகைப்படுத்தியிருப்பார். ராணித் தேனீ, அவளுக்கு வலது கை, தூது போகிறவள், இரு பக்கமும் கிழிபடுகிறவள், அடி வாங்குகிறவள் என்று ஒரு வரிசை. அதில் 'பேங்கர்' என்றும் ஒருத்தி உண்டு. அடுத்தவர் ரகசியங்களைச் சேர்த்து வைத்து, வேண்டிய நேரத்தில் பணம் மாதிரி செலவழிப்பவள். படத்தில் க்ரெட்சனின் தலைமுடி அவ்வளவு புசுபுசுவென்று இருப்பதற்குக் காரணம் உள்ளே முழுக்க ரகசியம் என்று ஒரு ஜோக் வருமே, அது இந்த 'பேங்கர்'தான்.

அந்த வழிகாட்டி நூலைத் திரைக்கதையாக மாற்றியவர் டினா ஃபே. 'சாட்டர்டே நைட் லைவ்' டிவி நிகழ்ச்சியின் முதல் பெண் தலைமை எழுத்தாளர். படத்தில் கணக்கு டீச்சராக வருவதும் அவரே.

இயக்குநர் மார்க் வாட்டர்ஸ். இவருடைய அண்ணன் டேனியல் வாட்டர்ஸ்தான், பள்ளி ராணிகளை வைத்து 80-களின் இறுதியில் வந்த இருண்ட காமெடி 'ஹெதர்ஸ்' படத்தை எழுதியவர். அங்கே ராணி செத்தே போவாள். தம்பி படத்தில் பஸ் மோதினாலும் ராணி பிழைத்துக்கொள்கிறாள்.

நடிகர்கள் பக்கமும் ஒரு சுவாரஸ்யம். கேடியாக நடித்த லிண்ட்சே லோஹன் முதலில் ஆசைப்பட்டது ரெஜினா வேடத்துக்கு. ரெஜினாவாக நடித்த ரேச்சல் மெக்ஆடம்ஸுக்கும் அவருடைய அம்மாவாக நடித்த ஏமி போலருக்கும் நிஜத்தில் 7 வயசுதான் வித்தியாசம். அமாண்டா சைஃப்ரிட்டுக்கு இதுதான் முதல் படம். சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலரில் எடுத்து, உலகம் முழுக்க சுமார் 13 கோடி டாலர் அள்ளினார்கள்.

அடிக்காமலே அடிப்பது

பசங்க சண்டை என்றால் சட்டை கிழியும், டீச்சர் கண்ணில் படும். இந்தப் படம் காட்டும் சண்டையில் ரத்தமே வராது. பேச்சை நிறுத்துவது, பார்ட்டிக்குக் கூப்பிடாமல் விடுவது, வதந்தி கிளப்புவது, போனில் ஒருத்தியைப் பேசவிட்டு இன்னொருத்தியை லைனில் ஒளித்துவைப்பது. நட்பையே ஆயுதமாக்கும் இந்த வகை வன்முறையை அமெரிக்க உளவியலாளர் நிக்கி க்ரிக் 90-களில் தனியாக எடுத்து ஆராய்ந்தார். அதற்கு முன்னால் ஆய்வுகள் பெரும்பாலும் அடிதடியைத்தான் கணக்கில் எடுத்தன. அதனால் பொண்ணுங்க பக்கம் பிரச்னை கம்மி என்ற தோற்றம் இருந்தது. இந்த வேலையைப் பசங்களும் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

படத்தில் இதன் உச்சம் 'பர்ன் புக்'. பள்ளியில் உள்ள ஒவ்வொரு பொண்ணு பற்றியும் அசிங்கமாக எழுதி, போட்டோ ஒட்டி வைத்திருக்கும் ரகசிய நோட்டு. கேடியும் அதில் எழுதுகிறாள், தனக்கு நல்லது நினைத்த கணக்கு டீச்சர் போதைப்பொருள் விற்பவர் என்று. கோபத்தில் ஒரு வரிதான். ஆனால் போலீஸ் விசாரணை வரை போகிறது. ரெஜினா பழிவாங்கும் விதம் இன்னும் மோசம். தன் போட்டோவைத் தானே ஒட்டி, தன்னைப் பற்றியும் திட்டி எழுதி, பிரின்சிபாலிடம் அழுதுகொண்டே போய் நிற்கிறாள். பிறகு பக்கங்களை நகல் எடுத்து காரிடார் முழுக்க இறைக்கிறாள்.

ஜெராக்ஸ் மெஷின் செய்த வேலையை இன்றைக்கு ஸ்கிரீன்ஷாட் செய்கிறது. அனாமதேய இன்ஸ்டா 'கன்ஃபெஷன்' பக்கங்களைப் பார்த்தவர்களுக்கு பர்ன் புக் என்றால் என்னவென்று விளக்கவே வேண்டாம்.

ஒரு தமிழ் முகம்

கணக்குப் போட்டி டீமின் கேப்டன் கெவின் நாபூர் ஞாபகம் இருக்கிறதா? நடித்தவர் ராஜீவ் சுரேந்திரா, டொரன்டோவில் பிறந்தவர், குடும்பம் இலங்கைத் தமிழ்க் குடும்பம். கதை அமெரிக்காவில் நடந்தாலும் படப்பிடிப்பு பெரும்பாலும் டொரன்டோ பக்கம்தான் நடந்தது. பின்னாளில் 'லைஃப் ஆஃப் பை' படத்தில் பை வேடத்துக்காக ராஜீவ் பல வருஷம் தன்னைத் தயார் செய்தார், பாண்டிச்சேரி வரை வந்தார். வேடம் சூரஜ் ஷர்மாவுக்குப் போனது. அந்த ஏமாற்றத்தையே 2016-ல் 'தி எலிஃபன்ட்ஸ் இன் மை பேக்யார்ட்' என்ற புத்தகமாக எழுதினார்.

மறுபடியும் ஏன் எடுத்தார்கள்?

2018-ல் பிராட்வே மேடையில் இசை நாடகமானது. டினா ஃபே எழுத்து, அவர் கணவர் ஜெஃப் ரிச்மண்ட் இசை. டோனி விருதுக்கு 12 பரிந்துரைகள். அந்த நாடகம்தான் 2024 ஜனவரியில் திரும்பவும் சினிமாவாக வந்தது. டிரெய்லரில் பாட்டுப் படம் என்பதையே காட்டாமல் மறைத்தது கிண்டலுக்கு ஆளானது. கேரனாக நடித்தவர் இந்திய வம்சாவளி அவந்திகா, பாத்திரத்தின் பெயரும் கேரன் ஷெட்டி என்று மாறியது. லிண்ட்சே லோஹன் ஒரு சின்ன காட்சியில் தலைகாட்டினார்.

2004 படத்தின் சில ஜோக்குகளை இன்றைக்குப் பார்த்தால் நெளிய வைக்கும். ஆசிய மாணவிகளைக் காட்டிய விதம், உடல் எடையை வைத்துச் செய்யும் கேலி இரண்டும் அதில் முக்கியம். புதிய படம் அதில் பலவற்றைத் தட்டி எறிந்தது. கூடவே ரெஜினாவின் விஷமும் கொஞ்சம் குறைந்துவிட்டது என்பது நம் கருத்து. பழைய ரெஜினா சிரித்தாலே வயிற்றைக் கலக்கும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. புத்தக உரிமைக்காக அப்போது கிடைத்த சுமார் 4 லட்சம் டாலருக்குப் பிறகு, படம், நாடகம் எதிலிருந்தும் தனக்குப் பங்கு வரவில்லை என்று 2023-ல் ரோசலிண்ட் வைஸ்மன் வெளிப்படையாகவே புகார் சொன்னார். அதே வருஷம் அக்டோபர் 3 அன்று பாரமவுண்ட் நிறுவனம் பழைய படம் முழுவதையும் 23 துண்டுகளாக்கி டிக்டாக்கில் இலவசமாகப் போட்டது.